பால்வாடிக்கு அனுப்பலாமா? கிராமத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கைக்குழந்தைக்காரப் பெண்கள் கூடும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தக் கேள்விகளில் பாதி வந்துவிடும். ரேஷன் கடை வரிசையோ, தடுப்பூசி போடும் புதன்கிழமையோ, வேலைக்கு நடுவே மரத்தடி இடைவேளையோ, எங்கே ஆனாலும் இதே கேள்விகள்தான். நேரில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற வீடுகளை நினைத்து எழுதியது. சொல்லியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

பால்வாடி, அங்கன்வாடி, சத்துணவு சென்டர் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். காலத்துக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945இல் போர்டி என்ற ஊரில் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். சுற்றியிருந்த பழங்குடிப் பிள்ளைகள் அங்கே வரத் தயங்கவே, அவர்கள் வீட்டு முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். 'அங்கன்' என்றால் முற்றம். அரசு 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதிலுமாக 33 வட்டாரங்களில் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னும் இரண்டு கிளைகள் உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு, மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் மாதாமாதம் குழந்தைகளை எடைபோட்டு, இளைத்த குழந்தைக்குத் தனியாக உணவு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. பாட்டிகள் இன்றும் 'சத்துணவுக்கூடம்' என்று சொல்வது அதனால்தான். இப்போது மாநிலம் முழுக்க 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

எத்தனை வயதில் சேர்க்கலாம்? என்னென்ன காகிதம் வேண்டும்?

அங்கேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டு விளையாட 2 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் மையத்தோடு உறவு அதற்கு ரொம்ப முன்பே, அம்மா கர்ப்பமானதும் பெயர் கொடுப்பதிலேயே தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், தடுப்பூசி அட்டை இருந்தால் போதும். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். அம்மாவின் ஆதாரை வைத்தே பதிவு செய்யலாம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த உணவு உங்கள் பிள்ளையின் உரிமை. யாரும் தயவாகக் கொடுப்பது இல்லை.

சோறு போட்டுத் தூங்க வைக்கிறார்கள். படிப்பு எங்கே இருக்கிறது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், பதில் சொல்ல எனக்கும் சிரமமானது இதுதான். ஏனென்றால் குற்றச்சாட்டில் பாதி உண்மை.

ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். நாம் டீச்சர், ஆயா என்கிறோம். சின்ன மையங்களில் ஒரே ஆள்தான். அந்த டீச்சர் காலையில் வந்ததும் வருகையை போனில் ஏற்ற வேண்டும், அரிசி பருப்பு அளந்து கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மாவு, மாதாந்திர எடை, வீட்டுக்கு வீடு போய்ப் பார்ப்பது, போதாததற்கு வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் பாட்டும் கதையும்.

ஒரு நாள் ஒரு மையத்தின் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து பதினாறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, டீச்சர் யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகவே சொன்னார், தும்பிக்கையெல்லாம் கையால் ஆட்டிக் காட்டினார். யானை ஆற்றங்கரைக்கு வருவதற்குள் போன் மூன்று முறை அடித்தது. மூன்றாம் முறை எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். அதற்குள் வட்டம் கலைந்து, இரண்டு பேர் சண்டை, ஒருத்தி ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறாள், சமையல் ரெடி என்று ஆயா கூப்பிடுகிறார். யானை கடைசிவரை ஆற்றில் இறங்கவே இல்லை.

இதைச் சரிசெய்ய முடியுமா என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளியல் ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் இருந்தவர்களும் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அதில் பாதி மையங்களில் மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரைநாள் ஆள் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். படிப்பு நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் வளர்ச்சிக் குறைவும்கூடக் குறைந்திருந்தன, ஏனென்றால் பழைய டீச்சருக்கு எடையும் உணவும் கவனிக்க நேரம் கிடைத்தது. ஆக, குறை டீச்சரிடம் இல்லை, ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது.

அந்தக் கூடுதல் ஆள் உங்கள் ஊருக்கு நாளைக்கே வரப்போவதில்லை. அதுவரை? ஊரில் வேலை இல்லாத நாள் என்று எல்லோருக்கும் வாரத்தில் ஒன்று உண்டு. அன்றைக்கு ஓர் அம்மா, ஒரு பாட்டி போய், டீச்சர் எழுதும் நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அந்த யானை ஆற்றில் இறங்கும். அப்புறம், சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'இன்னிக்கு என்ன சோறு?' என்று கேட்கிறோமே, அதோடு 'இன்னிக்கு என்ன கதை?' என்றும் கேளுங்கள். நாலு நாள் தொடர்ந்து 'ஒண்ணும் இல்லை' என்று வந்தால் டீச்சரிடம் போய்ச் சண்டை பிடிக்காமல் என்ன சிக்கல் என்று விசாரியுங்கள்.

பக்கத்து ஊர் நர்சரியில் மூன்று வயதுப் பிள்ளை ஏ பி சி டி எழுதுகிறது. இங்கே பென்சிலே கொடுப்பதில்லையே?

கொடுக்காததுதான் சரி. மூன்று வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்குத் தயாராக இருக்காது. களிமண் உருட்டுவது, மணி கோப்பது, புளியங்கொட்டை பொறுக்குவது, இதெல்லாம்தான் எழுத்துக்கு முன்னால் வரும் எழுத்து. அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமே இருக்கிறது. இப்போது எந்தத் தலைப்பு போகிறது, பழமா, மிருகமா, வண்டியா என்று டீச்சரைக் கேட்டு வைத்துக்கொண்டால் வீட்டிலும் அதைப் பற்றியே பேசலாம்.

நர்சரி வேண்டாம் என்று சொல்லவில்லை. குழுக்கடன் வாங்கி எல்.கே.ஜி. கட்டணம் கட்டி, வேனுக்கும் ஷூவுக்கும் தனியாகக் கொடுத்துவிட்டு, ராத்திரி ரசத்தோடு நிறுத்திக்கொள்கிற வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு முட்டையும் பாலும் வாங்கியிருக்கலாமே என்று மனசில் பட்டது, சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்ற அந்த அம்மாவின் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு இரண்டு வழி உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் ஒன்றியத்தில் எது என்று பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம். வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரில்தான் குக்கிராமத்துப் பிள்ளைகள் பலர் அடிபட்டுப் போகிறார்கள்.

சத்துமாவு எங்கள் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

உண்மையைச் சொல்லுங்கள், மாவு எங்கே போகிறது? சில வீடுகளில் மாமனார் காலையில் கஞ்சி வைத்துக் குடிக்கிறார். சில வீடுகளில் கறவை மாட்டுக்குப் போகிறது. திட்டுவதற்காகக் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பசி இருக்கும்போது ஒரு பாக்கெட்டை ஒருத்தருக்கு மட்டும் என்று பூட்டி வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்த மாவு 6 மாதம் முடிந்த குழந்தைக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் பால் கொடுப்பவளுக்கும் என்று அளந்து கொடுத்தது. பங்கு போட்டால் யாருக்கும் பத்தாது.

பிடிக்காததற்குப் பெரும்பாலும் சமையல்தான் காரணம். அதில் வெல்லம் ஏற்கனவே இருக்கிறது, கொதிக்கும் தண்ணீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டிப் பசை மாதிரி ஆகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். இறக்கும்போது அரை ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ. தண்ணியாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஸ்பூனைக் கவிழ்த்தால் வழியாமல் நிற்கிற பதம்தான் சின்ன வயிற்றுக்குச் சரி, ஏனென்றால் தண்ணீரிலேயே வயிறு ரொம்பிவிட்டால் சத்து எங்கே போய் உட்காரும்? கஞ்சி சலித்துப்போனால் உருண்டை, கொழுக்கட்டை, தோசை மாவில் ஒரு பிடி என்று மாற்றிக் கொடுக்கலாம்.

முட்டை தினமும் உண்டா?

2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள். வெயில் காலத்தில் சூடு என்று பாட்டிகள் தடுப்பார்கள். மூன்று முட்டையில் ஒரு சூடும் வராது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் டீச்சர் 'சிவப்பு' என்கிறார். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளின் மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றுவார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, அங்கிருந்து 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. கண்ணுக்குத் தெரியாத மெலிவு நாடாவுக்குத் தெரியும். கன்னம் உப்பியிருக்கிற குழந்தையின் கையும் குச்சியாக இருக்கலாம். காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள், விழுந்தால் அது சதை இல்லை, நீர்.

சிவப்பில் இருக்கும் குழந்தைக்குச் சட்டப்படியே உணவு கூடுதல். 2013இல் சட்டம் வந்தபோது சாதாரணமாக 500 கலோரி என்றால் இவர்களுக்கு 800 என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கென 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கப்பட்டது. குழந்தையை டாக்டரிடம் காட்டி, அடியில் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி. சோறு மட்டும் கூட்டினால் போதாது, வயிற்றில் பூச்சி, அடிக்கடி பேதி, மூச்சிரைப்பு என்று காரணம் வேறாக இருக்கலாம்.

'கண் பட்டுடும், எடை போடாதே' என்று ஒரு பேச்சு இருக்கிறது. சரி, திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டே எடை போடுங்கள். யாரும் தடுக்கவில்லை.

வேலைக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை யாரிடம் விடுவது?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. 2 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் இடம் பெரும்பாலான கிராமங்களில் கிடையாது. 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில், சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைத்தளத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுத்தில் அழகாக இருந்தது. நான் பார்த்த தளங்களில் வேப்பமரத்துத் தூளியும், ஆட்ட ஏழு வயது அக்காவும்தான். அந்த அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நடைமுறையில் ஓடுகிறது ஒன்றுதான்: நாலைந்து வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்வது. இன்றைக்கு நீ, நாளைக்கு நான், இருப்பவருக்கு மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூலியில் பங்கு. பாட்டியிடம் விட்டுப் போனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம்.

கர்ப்பிணிக்குப் பணம் தருகிறார்களாமே?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய். 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். நாள் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததற்கான எண்) வாங்கிவிடுங்கள். பணம் வராமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்கள் எல்லாம் அற்பமானவை: கணக்கு புருஷன் பெயரில், பாஸ்புக் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் செத்துப்போன கணக்கு. கல்யாணமானதும் அந்தப் பெண் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதை உயிரோடு வைத்திருங்கள்.

இரண்டும் பெண் குழந்தைகள். ஏதாவது உதவி உண்டா?

உண்டு. 1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000, குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு 18 வயதில் வட்டியோடு கொடுப்பார்கள். பெற்றோரில் ஒருவர் குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. குழந்தைக்கு வயது ஏறிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது, அதனால் உடனே சமூகநலத் துறையில் கேளுங்கள்.

இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. 'அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினார்' என்கிறார்கள்.

அப்பா பேசியது சந்தோஷம். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? முதுகுப் பக்கம் நின்று டம்ளரைத் தட்டுங்கள், திரும்புகிறதா? பெயர் சொன்னால் முகம் பார்க்கிறதா? செல்போனைக் கையில் கொடுத்து எத்தனை நேரம் உட்கார வைக்கிறீர்கள் என்பதையும் உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு மருத்துவக் குழு வண்டியில் வரும். அவர்களிடம் காட்டினால் மாவட்டத் தலைமையிடத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வண்டி வரும்வரை காத்திருக்கவும் தேவை இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லலாம்.

வீட்டில் பொம்மை, புத்தகம் எதுவும் இல்லை. நாங்கள் படிக்கவும் இல்லை. என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

நிறைய. பருப்பில் கல் பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், பெரிசு எது, சின்னது எது. ஆட்டுக்குட்டி எத்தனை, நேற்று எத்தனை. களத்துக்குப் போகும் வழியில் இது புங்கன், இது வேம்பு. பதில் வரும்வரை நின்று கேளுங்கள், அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். அப்பாக்களுக்கும் இதுவேதான் பதில். ஒரு பிள்ளை என்னிடம் 'எங்கப்பா பேசமாட்டாரு, காசு குடுப்பாரு' என்றது. மூன்று வயது.

மையம் ஊர்த்தெருவில் இருக்கிறது. எங்கள் காலனிப் பிள்ளைகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தட்டு தனி, உட்காரும் இடம் தனி என்று எங்காவது நடந்தால் அது வழக்கம் இல்லை, குற்றம். மாவட்ட ஆட்சியரிடம் திங்கள்கிழமை குறைதீர் நாளில் எழுத்தாகக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

தனி மையமே கேட்கவும் வழி உண்டு. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து, அங்கே மையம் இல்லை என்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. பிள்ளைகள் பெயர், வயது, வீடு எழுதிய பட்டியலோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. கூட்டம் இருக்கும்போதே தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

மையம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் ஏன் என்று பாருங்கள். பணியிடம் காலியாக இருந்து, ஒரே டீச்சர் இரண்டு ஊருக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். இத்தனை வேலை வாங்கியும், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. காலியிடம்தான் காரணம் என்றால் மனு டீச்சர்மேல் இருக்கக் கூடாது, ஆள் கேட்டு இருக்க வேண்டும். சும்மா பூட்டிக் கிடக்கிறது என்றால் மேற்பார்வையாளர், அடுத்து வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கும் மேலே ஆட்சியர். பூட்டிய தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். 'எப்பப் பார்த்தாலும் பூட்டித்தான் இருக்கு' என்பதைவிட ஒன்பது தேதிக்கு மதிப்பு அதிகம்.

தை மாதம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கே பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா?

கொடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் டீச்சரிடம் சொல்லி, ஊர் மாறுவதை போன் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் அம்மாவின் ஆதாரையும் துணி மூட்டையில் போடாமல் தனியாகப் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், சூளைக் கொட்டகையில் முதலில் நனைவது மூட்டைதான். போன ஊரில் சூளை முதலாளியைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்துக் கிராமத்தில் பால்வாடி எங்கே என்று டீக்கடையில் கேளுங்கள். முதல் நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மாவே நேரில் போவது நல்லது.